அதிகாலையில் இயங்க மறுக்கும் பழைய மோட்டார் சைக்கிள்
காரணங்களும் பரிகாரங்களும்

கீரைக் கட்டுகளை இரவிலேயே கட்டி நீர் தெளித்து வைத்தாயிற்று. கத்தரிக்காய்ச் சாக்கு பின்னிருக்கையிற் கட்டப்பட்டுவிட்டது. பொழுது புலருமுன் சந்தையை அடைதல் வேண்டும். ஆனால், மோட்டார் சைக்கிளோ இருபது முறை உதைத்தும் இயங்கவில்லை. ஒரு மணித்தியாலம் கழிந்த பின்னரே ஒருவாறு இயங்கிற்று. அதற்குள் மொத்த வியாபாரிகள் தமக்கு வேண்டியவற்றை வாங்கி ஏற்றிவிட்டனர். மூன்று மாத உழைப்பின் பயனைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதாயிற்று.

நெற்செய்கை செய்வோருக்கும் இத்தொல்லை உண்டு. வாய்க்காலில் உங்கள் முறைநீர் திறக்கப்படும் வேளைக்கு வயலில் நில்லாவிடின், அந்நீர் உங்களுக்காகக் காத்திராது. ஆகவே, மண்வெட்டியையும் மருந்து தெளிகருவியையும் போன்று மோட்டார் சைக்கிளும் இன்று கமத்தின் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. அதனை ஒழுங்காகப் பேணுதலும் கமக்காரரின் கடமைகளுள் ஒன்றாகும்.

நம் கிராமங்களில் ஓடுகின்ற வண்டிகளுட் பல, காபுரேற்றரும் உதைமிதியும் கொண்ட பழைய வண்டிகளே. ஹொண்டா சீ. டி. 125, எம். டி. 90 போன்றவை பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றன. 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே பரவலாக மீண்டும் தொடங்கியமையால், பழைய வண்டியைக் காத்து ஓட்டுதல் பலருக்கு இன்றியமையாததாயிற்று. இவ்வண்டிகள் காலையில் இயங்க மறுப்பதற்குரிய காரணங்களையும், அவற்றை நீங்களே கண்டறிந்து திருத்தும் முறைகளையும் இங்கு விளக்குவோம்.

குளிர் செய்யும் வேலை யாது?

எஞ்சின் இயங்குவதற்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும். அவையாவன: எரியத்தக்க அளவிற் கலந்த பெற்றோலாவியும் காற்றும், வலிமையான தீப்பொறி, நல்ல அமுக்கம் என்பன. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் எஞ்சின் இயங்காது. குளிர் இம்மூன்றையும் சிறிது சிறிதாகக் குறைக்கின்றது.

முதலாவது, திரவமாயுள்ள பெற்றோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே எரிகின்றது. சூடேறிய எஞ்சினில், நிறைப்படி ஏறக்குறைய 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் போதுமானது. குளிர்ந்த எஞ்சினிலோ உட்செல்லும் பெற்றோலின் ஒரு பகுதியே ஆவியாகின்றது. எஞ்சியது துளிகளாகிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளுகின்றது. ஆகவே, ஆவியின் அளவை நிறைவு செய்வதற்கு வழக்கத்தினும் கூடுதலான பெற்றோலை உட்செலுத்துதல் வேண்டும். சோக் என்னும் அமைப்பு இதற்காகவே உண்டாக்கப்பட்டது.

இரண்டாவது, இரவுப் பனி மின்கம்பிகளின் மேல் ஈரமாகப் படிகின்றது. வெடிப்புள்ள கம்பியாயின், பிளக்கிற்குச் செல்ல வேண்டிய மின் அவ்வீரத்தின் வழியே எஞ்சினின் உடலுக்கு ஒழுகிவிடும். மூன்றாவது, எஞ்சின் எண்ணெய் குளிரில் தடிக்கின்றது. அதனால் உதைமிதி பாரமாகி எஞ்சின் மெதுவாகச் சுழலும். மெதுவாகச் சுழலும்போது அமுக்கமும் குறையும். காந்தத்தால் மின் உண்டாக்கும் வண்டிகளில் தீப்பொறியும் வலிமை குன்றும்.

எனினும், ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் உயர்ந்த பகுதிகளை நீக்கினால், நம் நாட்டின் காலைக் குளிர் பெருங்குளிரன்று. மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்தின் அதிகாலை வெப்பநிலை 22 அல்லது 23 பாகை செல்சியசு அளவினதே. குறையற்ற எஞ்சின் எதுவும் இக்குளிரில் இரண்டு மூன்று உதைகளில் இயங்குதல் வேண்டும். அவ்வாறு இயங்காவிடின், வண்டியில் வேறு குறையொன்று உண்டென்பது தெளிவு. பகற் சூட்டில் மறைந்திருந்த குறையைக் காலைக் குளிர் வெளிக்காட்டுகின்றது. ஆகவே, குளிரை நொந்துகொண்டு உதைத்துக்கொண்டே இராது குறையைத் தேடுதல் அறிவுடைமையாகும்.

மண்ணெண்ணெய் கற்பித்த பாடம்

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், மக்கள் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே, அரிதிற் கிடைத்த பெற்றோலிற் சில துளிகளை உட்செலுத்தி எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்திலும் இதே முறை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துவதற்கு முன்னர்ச் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிடுவதும் வழக்கம். மறுநாட் காலையில் காபுரேற்றரில் எளிதில் ஆவியாகும் எரிபொருள் இருத்தல் வேண்டுமென்பதே இதன் நோக்கமாகும்.

பழைய பெற்றோலும் இவ்வாறே தொல்லை தரும். பல மாதங்கள் தங்கிய பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலிற் பறந்துவிடுகின்றன. எஞ்சியது சூடான எஞ்சினில் எரியக்கூடுமாயினும், குளிர்ந்த எஞ்சினை எழுப்ப மாட்டாது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது பலர் பெற்றோலைக் கலன்களிற் சேமித்தனர். அவ்வாறு நெடுநாள் வைத்த பெற்றோலைப் பயன்படுத்தி, வண்டியிற் குறை தேடுதல் வீண் முயற்சியாகும். முதலிற் புதிய பெற்றோலை இட்டுப் பார்த்தல் வேண்டும்.

முதலில் இயக்கும் முறையைச் சரிபார்த்தல்

வண்டியைக் கழற்றுமுன், அதனை இயக்கும் முறை சரியானதா என்று பார்த்தல் வேண்டும். பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க.

1. கியரை நியூற்றலில் வைத்துப் பெற்றோற் குழாயைத் திறந்து அரை நிமிடம் பொறுத்திருக்க. காபுரேற்றரின் கிண்ணம் நிரம்புவதற்கு இந்நேரம் வேண்டும்.

2. சோக்கை முழுமையாகப் போடுக. சோக்கின் நெம்பு சில வண்டிகளில் மேல்நோக்கியும், சிலவற்றிற் கீழ்நோக்கியும் இயங்கும். பழைய வண்டியை வாங்கியவர் பலர் இதனைத் தலைகீழாகப் பயன்படுத்தக் கண்டிருக்கின்றோம்.

3. சாவியைத் திருப்பாமல் உதைமிதியை மூன்று அல்லது நான்கு முறை மெதுவாக அழுத்துக. இதனால் எண்ணெய் இளகும். பெற்றோற் கலவையும் உருளையினுட் சேரும்.

4. பின்னர் உதைமிதியை மெதுவாக அழுத்தி, அது கடினமாகத் தடுக்கும் இடத்தைக் கண்டு, அவ்விடத்தைச் சிறிது கடக்கச் செய்து, மிதியை மேலே வரவிடுக.

5. சாவியைத் திருப்பி, அக்சிலேற்றரை முறுக்காது, உடலின் பாரம் முழுவதையும் கொடுத்து மிதியை அடிவரை ஒரே சீராக உதைக்க. அரைகுறையான பத்து உதைகளினும் முழுமையான ஓர் உதை மேலானது. பல எஞ்சின்களில், சோக் போட்டிருக்கும்போது அக்சிலேற்றரை முறுக்கினால் சோக்கின் பயன் கெட்டுவிடும்.

6. எஞ்சின் இயங்கியதும் சோக்கைச் சிறிது சிறிதாக எடுத்து, ஓரிரு நிமிடங்களில் முழுமையாக நீக்கிவிடுக. சோக்கைப் போட்டபடியே சந்தைவரை ஓட்டினால் பெற்றோல் வீணாவதோடு பிளக்கும் கரி பிடிக்கும். மறுநாட் காலையிலும் அதே தொல்லை வரும்.

ஏழெட்டு உதைகளுக்கும் எஞ்சின் இயங்காது, பெற்றோல் மணமும் வீசினால், உள்ளே பெற்றோல் மிகுந்துவிட்டது என்று அறிக. அப்போது மேலும் சோக் போடுதல் கேடாகும். பெற்றோற் குழாயை மூடி, சோக்கை நீக்கி, அக்சிலேற்றரை முழுமையாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டுப் பத்து முறை உதைக்க. மிகுந்த பெற்றோல் வெளியேற, எஞ்சின் இயங்கக்கூடும். இயங்கியவுடன் அக்சிலேற்றரைத் தளர்த்திக் குழாயைத் திறந்துவிடுக.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தல்

இம்முறைகளாலும் பயன் இல்லையேல், பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பயிரின் நோயை இலையைக் கண்டு அறிவது போல, எஞ்சினின் குறையைப் பிளக்கின் முனையைக் கண்டு அறியலாம். கழற்றுமுன் அதன் அடியிலுள்ள மணலையும் புழுதியையும் ஊதித் துடைத்துவிடுக. அவை உருளையினுள் விழுந்தால் எஞ்சின் தேய்வுறும்.

உதைத்த பின்னரும் பிளக்கின் முனை உலர்ந்திருந்தால், பெற்றோல் உள்ளே வரவில்லை என்பது பொருள். நனைந்திருந்தால், பெற்றோல் வந்தும் எரியவில்லை என்பது பொருள். உலர்ந்த கரி படிந்து கறுத்திருந்தால், பெற்றோல் நெடுநாளாக மிகுந்து செல்கின்றது. காற்று வடியில் தூசி அடைத்திருத்தலும், சோக் முழுமையாக விலகாமையும் இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். சூடடிப்புக் காலத்தில் வயற் புழுதியும் பதரும் காற்று வடியை விரைவில் அடைத்துவிடும்.

பிளக் உலர்ந்திருந்தால்

தாங்கியிற் பெற்றோல் உண்டா என்பதையும், பெற்றோற் குழாய் திறந்துள்ளதா என்பதையும் முதலிற் பார்க்க. எளியது என்று இதனைத் தள்ளிவிடலாகாது. தாங்கியின் மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை அடைபட்டிருந்தால் பெற்றோல் இறங்காது. மூடியைத் தளர்த்தி அதனைச் சோதிக்கலாம்.

அடுத்து, காபுரேற்றர்க் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி, உள்ளிருக்கும் பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஏந்துக. பெற்றோலே வராவிடின், குழாயின் வடியிலோ மிதவையின் ஊசியிலோ அடைப்பு உண்டு. வந்த பெற்றோலின் அடியில் நீர் முத்துக்களைப் போல உருண்டு நின்றால், தாங்கியில் நீர் சேர்ந்துள்ளது என்று அறிக. நீர் பெற்றோலினும் பாரமானதாகலின் அடியில் தங்கி, இரவு முழுவதும் வண்டி நிற்கும்போது காபுரேற்றரின் கிண்ணத்திற் சேர்ந்துவிடும். மாரிக்காலத்தில் முற்றத்தில் நிற்கும் வண்டிகளில், மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்தால் இக்குறை பெரிதும் காணப்படும். தாங்கியை முற்றாக வடித்து, வளையத்தை மாற்றுதல் வேண்டும்.

நீர் இல்லையாயின், மெதுவோட்டத்திற்குப் பெற்றோல் தரும் சிறிய ஜெற்றை நோக்குக. வண்டி நெடுநாள் நின்றால் பெற்றோல் வற்றிப் பிசின் போலப் படிந்து அதன் நுண்ணிய துளையை அடைத்துவிடும். இத்துளை அடைபட்ட வண்டி, தள்ளி ஓடவிட்டால் இயங்கும், உதைத்தால் இயங்காது, நிறுத்தத்தில் அணைந்தும்விடும். ஜெற்றைக் கழற்றிப் புதிய பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பினால் ஊதுக. ஊசி, செம்புக்கம்பி முதலியவற்றாற் குத்தலாகாது. துளை சிறிது அகன்றாலும் கலவையின் அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடும். அடைப்பு நீங்காவிடின் தூண்டிலுக்குரிய மெல்லிய நைலோன் இழையைச் செலுத்திப் பார்க்கலாம்.

காபுரேற்றரையும் எஞ்சினையும் இணைக்கும் இடத்திலுள்ள றப்பர் வளையம் வெடித்திருத்தலும் ஒரு காரணமாகும். அவ்வழியே வேண்டாத காற்று புகுந்து, சோக்கினால் உண்டாகும் இழுப்பைக் கெடுத்துவிடும். விரலால் மடித்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும்.

பிளக் நனைந்திருந்தால்

பிளக்கைத் துணியால் துடைத்து உலர்த்தி, மென்மையான தூரிகையினாற் கரியை நீக்குக. முனைகளின் இடைவெளி பெரும்பாலான சிறிய எஞ்சின்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். தேய்ந்த பிளக்கில் இவ்விடைவெளி அகன்றுவிடும். வலிமை குன்றிய மின்னால் அதனைத் தாண்ட இயலாது. நல்ல பிளக் ஒன்றை எப்பொழுதும் வண்டிப் பெட்டியில் வைத்திருத்தல் நன்று.

அடுத்து, தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. எஞ்சினைச் சுழற்றும்போது பிளக் துளை வழியே பெற்றோலாவி பீறிட்டு வரும். தீப்பொறி அருகிலிருந்தால் பற்றிக்கொள்ளும். ஆகவே, வண்டியின் பிளக்கை அதன் இடத்திலேயே திருகிவிட்டு, வேறொரு பிளக்கை மின்கம்பியின் மூடியிற் செருகி, அதன் உலோக உடல் எஞ்சினின் உலோகத்திற் படுமாறு வைத்துச் சோதிக்க. பெற்றோற் குழாயை மூடிச் சிந்திய பெற்றோலைத் துடைத்த பின்னரே இதனைச் செய்தல் வேண்டும். வெறுங்கையாற் பிளக்கைப் பிடிக்கலாகாது. உதைக்கும்போது நீல நிறமாகச் சொடுக்குடன் பாயும் தீப்பொறி நல்லது. மஞ்சளாகவோ செம்மையாகவோ மெலிந்து தோன்றுவது போதாது.

தீப்பொறி மெலிந்திருந்தால் பின்வருவனவற்றை ஒழுங்காகப் பார்க்க.

பிளக்கின் மூடியும் மின்கம்பியும்: மூடியில் வெடிப்பு உண்டா, கம்பியின் நுனி பச்சைக் களிம்பு பிடித்துள்ளதா என்று பார்க்க. கம்பி நீளமாயின், நுனியில் ஐந்து மில்லிமீற்றர் அளவு வெட்டிவிட்டுத் திரும்பப் பொருத்தலாம்.

பொயின்ற்: பழைய வண்டிகளில் பொயின்ற்றின் முகங்கள் கருகியோ எண்ணெய் பட்டோ இருக்கும். பெற்றோலில் நனைத்த தூய கடதாசித் துண்டை இடையிற் செலுத்தி இழுத்துச் சுத்தஞ் செய்க. முழுமையாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். அடிக்கடி கருகினால் கொண்டென்சரை மாற்றுதல் தகும். சீ. டி. ஐ. பெட்டி பொருத்திய வண்டிகளில் பொயின்ற் இல்லை.

பற்றரி: சில வண்டிகளின் தீப்பொறி பற்றரியின் மின்னையே நம்பியுள்ளது. ஊதுகுழல் மெலிந்து ஒலித்தால், பற்றரியின் முனைகளிலுள்ள வெண்பொருக்கை நீக்கி, மின்னேற்றிப் பார்க்க வேண்டும்.

ஒரு கமக்காரரின் அனுபவம்

நாம் கடமையாற்றிய பகுதியில் மரக்கறிச் செய்கை செய்யும் ஒருவரின் வண்டி, மாலையில் முதல் உதையிலேயே இயங்கும். காலையில் எவ்வளவு உதைத்தும் இயங்காது. அவர் பிளக்கை இருமுறை மாற்றினார். கராஜ் ஒன்றிற் சொன்னபடி காபுரேற்றரையும் புதிதாக வாங்கிப் பொருத்தினார். குறை தீரவில்லை. பயற்றங்காய் முற்றும் நாட்களில் இரண்டு முறை சந்தையைத் தவறவிட்டு, தோட்டத்துக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தார்.

ஒரு நாள் வைகறை இருளில் அவரை உதைக்கச் சொல்லி வண்டியை அருகிருந்து பார்த்தோம். பிளக்கின் மூடியிலிருந்து எஞ்சினின் உடலுக்கு மெல்லிய நீலக்கோடு ஒன்று பாய்ந்தது. மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு. அதில் பனி ஈரம். தீப்பொறி உள்ளே செல்லாது வெளியே ஒழுகிவிட்டது. மாலையில் மூடி உலர்ந்திருந்தமையால் குறை தெரியவில்லை. புதிய மூடியின் விலை அவர் முன்னர்ச் செலவிட்டதில் மிகச் சிறு பகுதியே.

இவ்வனுபவத்தினால் அறியத்தக்கது யாதெனில், குறையைக் காணுமுன் பொருளை மாற்றலாகாது என்பதே. பூச்சி யாதென அறியாது மருந்து தெளிப்பவர் பணத்தை இழப்பார். வண்டிக்கும் இது பொருந்தும். எப்பொழுது இயங்குகின்றது, எப்பொழுது மறுக்கின்றது என்பதைக் கவனித்தல் பாதி வேலையாகும். பனி ஈரத்தில் மட்டும் மறுத்தால் மின்கம்பியிலும் மூடியிலும் குறையைத் தேடுக. நெடுநாள் நின்ற பின் மறுத்தால் பெற்றோலிலும் ஜெற்றிலும் தேடுக. எக்காலத்தும் மறுத்து, வலிமையும் குன்றியிருந்தால் அமுக்கத்தைச் சோதிக்க.

அமுக்கத்தைச் சோதித்தல்

நல்ல எஞ்சினில், உதைமிதியைக் கையால் அழுத்தினால் ஓரிடத்தில் உறுதியாகத் தடுக்கும். தடையின்றி இறங்கினால் அமுக்கம் ஒழுகுகின்றது. பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, பிளக்கைத் திருகி மீண்டும் அழுத்திப் பார்க்க. தடை கூடினால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துள்ளன. கூடாவிடின் வால்வுகள் சரியாக மூடவில்லை.

வால்வின் இடைவெளி தேய்வினாற் குறைந்து, வால்வு முழுமையாக மூடாதிருத்தல் பழைய எஞ்சின்களிற் காணப்படும் குறையாகும். பல சிறிய ஹொண்டா எஞ்சின்களுக்குக் குளிர்ந்த நிலையில் 0.05 மில்லிமீற்றர் இடைவெளி விதிக்கப்பட்டுள்ளது. உங்கள் வண்டிக்குரிய அளவைக் கைந்நூலிற் கண்டு சரிசெய்விக்க. இது செலவு குறைந்த வேலை. வளையங்களையும் வால்வுகளையும் மாற்றுதல் தேர்ந்த தொழிலாளரின் வேலையாகும். அறுவடைக்குப் பின்னர் ஓய்வுள்ள காலத்தில் அதனைச் செய்வித்தல் தகும்.

எஞ்சின் எண்ணெயையும் நோக்குக. நெடுநாள் மாற்றாத எண்ணெய் குழம்பு போலத் தடித்து, உதைமிதியைப் பாரமாக்கும். கைந்நூல் விதித்த தரத்தினும் தடித்த எண்ணெயை இட்டால் எஞ்சின் நெடுங்காலம் உழைக்கும் என்று எண்ணுதல் தவறு.

மலைநாட்டுக் கமக்காரருக்கு

நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை, மாசி மாதங்களின் அதிகாலைகளில் அங்கு வெப்பநிலை 10 பாகை செல்சியசிற்குக் கீழ் இறங்குவதும், சிலநாள் உறைபனி படிவதும் உண்டு. கோவா, கரட், லீக்ஸ் செய்கை செய்வோர் சோக்கைச் சற்றுக் கூடுதலான நேரம் பயன்படுத்த வேண்டியிருக்கும். எனினும், உயர்ந்த இடங்களிற் காற்று அடர்த்தி குறைந்ததாகலின், தாழ்நிலத்திற்கென அமைத்த காபுரேற்றர் அங்கே பெற்றோலை மிகுதியாகக் கொடுக்கும். ஆகவே, எஞ்சின் சூடேறியதும் சோக்கைத் தவறாது நீக்குதல் வேண்டும். தாழ்நிலத்திலிருந்து வாங்கி வந்த வண்டியின் பிளக் அடிக்கடி கறுத்தால், காபுரேற்றரை அவ்விடத்திற்கேற்பத் திருத்துவிக்க.

செய்யத் தகாதன

காலையில் அவசரப்படுவோர் செய்யும் சில செயல்கள் உயிருக்கே இடராகும்.

தாங்கியிற் பெற்றோல் உண்டா என்று பார்க்கத் தீக்குச்சியோ விளக்கோ ஏற்றலாகாது. மின்சூளை மட்டும் பயன்படுத்துக. நனைந்த பிளக்கை அடுப்பு நெருப்பிற் சுட்டு உலர்த்தும் வழக்கத்தைக் கைவிடுக. பெற்றோல் பட்ட கையுடன் அடுப்பை அணுகுவது பேரிடர். சூட்டினாற் பிளக்கின் வெண்பீங்கானும் வெடிக்கும். காபுரேற்றரின் வாயிற் பெற்றோலை ஊற்றி உதைக்கலாகாது. எஞ்சின் பின்னோக்கி வெடித்தால் தீ வெளியே பாயும். மூடிய கொட்டிலினுள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றலாகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. அருகில் உறங்கும் குழந்தைகளை ஓசையின்றிக் கொன்றுவிடும். பெற்றோலைக் குடிநீர்ப் போத்தல்களில் இட்டு வீட்டினுள் வைத்தலும் தகாது.

முன்னிரவுப் பழக்கங்கள்

மேற்கூறிய தொல்லைகளிற் பெரும்பாலானவற்றைச் சில எளிய பழக்கங்களால் தவிர்க்கலாம்.

சந்தைக்குச் செல்லும் நாளின் முன்மாலையில் வண்டியை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். குறை இருப்பின் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். இரவில் வண்டியைக் கூரையின் கீழ் நிறுத்துங்கள். கூரை இல்லையேல் எஞ்சின் ஆறிய பின்னர் உலர்ந்த சாக்கினால் மூடுங்கள். பொலித்தீனால் இறுக மூடினால் உள்ளே ஈரம் வியர்த்து, கம்பிகளிற் படியும். தாங்கியில் எப்பொழுதும் பாதிக்கு மேற் பெற்றோல் இருக்கட்டும். வெறுமையான தாங்கியில் ஈரக்காற்று நீராகிச் சேரும், தாங்கியும் துருப்பிடிக்கும்.

மாதம் ஒருமுறை காற்று வடியைச் சுத்தஞ் செய்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, காபுரேற்றர்க் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். ஒரு மாதத்திற்கு மேல் வண்டியை ஓட்டாதிருக்க நேரின், பெற்றோற் குழாயை மூடி, எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். காபுரேற்றரில் பெற்றோல் எஞ்சாதாகலின் பிசின் படியாது.

விதையைத் தேர்ந்து, நாற்றைப் பேணி, பூச்சியைக் காத்து விளைவித்த மரக்கறி, சந்தையை அடையும் நேரத்தைக் கொண்டே விலை பெறுகின்றது. விளைவித்தவர் வெல்வதும் தோற்பதும் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலத்திலேயே பலமுறை முடிவாகிவிடுகின்றது. இத்துண்டுப் பிரசுரத்தை வண்டிப் பெட்டியில், ஒரு நல்ல பிளக்குடனும் பிளக் திறப்புடனும் சேர்த்து வையுங்கள். காலையில் வண்டி மறுக்குமாயின், பொறுமையிழந்து உதைக்காது, பெற்றோல், தீப்பொறி, அமுக்கம் என்ற ஒழுங்கில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறை தானே வெளிப்படும்.